கிரியாட்டினின் இறங்கியது, சட்டைக் கை தொளதொளத்தது: டயாலிசிஸில் மறைந்திருந்த ஊட்டக்குறைவு, ஒரு நிகழ்வு ஆய்வு

54 வயது ஆண். 16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சிறுநீரகம் முழுதும் செயலிழந்து, 14 மாதங்களாகத் திங்களும் வியாழனும் 4 மணி நேர ஹீமோடயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிப்பது). இடது முன்கையில் அதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா, ஓட்டம் நன்றாக இருக்கிறது. உயரம் 164 செ.மீ. காவிரி டெல்டாவில் தெருமுனை மளிகைக் கடை வைத்திருக்கிறார். டயாலிசிஸ் நாட்களில் கடையை மனைவி பார்த்துக்கொள்கிறார்.

இது தனி ஒருவரின் கோப்பு அல்ல. டயாலிசிஸ் பிரிவுகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் கோலத்தை ஒரே நோயாளியின் மேல் ஏற்றிக் கணக்கோடு எழுதியிருக்கிறோம். எண்கள் நடைமுறையில் காண்பவையே.

வந்தபோது

இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது, 2 தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்பது அவர் சொன்ன குறை. டயாலிசிஸுக்கு முன் ரத்த அழுத்தம் 172/98. முடித்து இறங்கும்போதும் 150/90-க்குக் கீழே வருவதில்லை. அழுத்தத்துக்கு 3 வகை மாத்திரை ஓடுகிறது. மாலையில் கணுக்கால் வீங்குகிறது. மூன்றாம் மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அப்போது சலைன் ஏற்றி, உடம்பிலிருந்து நீரை இழுக்கும் அளவைக் குறைப்பார்கள்.

அவர் மனைவி கேட்டது வேறு. "கிரியாட்டினின் 9.8-லேருந்து 5.9-க்கு இறங்கிடுச்சு சார். கிட்னி கொஞ்சம் வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சோ? வாரத்துக்கு ஒண்ணாக் குறைச்சிக்கலாமா?"

பாஸ்பரஸும் 3.1 மி.கி. தான். புரதம் உடைந்து வரும் கழிவான யூரியா டயாலிசிஸுக்கு முன் 84. பல நோயாளிகளுக்கு 120, 140 என்று நிற்கும் எண் அது. டயாலிசிஸ் நோட்டில் மாதாமாதம் இந்த வரிகளுக்குப் பக்கத்தில் டிக் விழுந்திருந்தது. கண்ணை உறுத்தியவை பொட்டாசியம் 6.3, ரத்தத்தின் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் 17, ஹீமோகுளோபின் 9.1, ரத்தப் புரதமான அல்புமின் 2.9. அல்புமின் டயாலிசிஸ் தொடங்கியபோது 3.6 இருந்தது.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் வேலை செய்பவருக்கு அது இறங்கினால் நல்ல சேதி. டயாலிசிஸில் இருப்பவருக்கு, சிறுநீர் கூடாமல் அது மட்டும் இறங்கினால், அதை உண்டாக்கும் தசை கரைந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இவருக்குச் சிறுநீர் தொடக்கத்தில் நாளுக்கு 900 மி.லி. போனது, இப்போது 300. ஆகவே சிறுநீரகம் திரும்பி வரவில்லை. 1990-இல் லௌரி, லூ என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, அல்புமின் குறைவாகவும் கிரியாட்டினின் குறைவாகவும் இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள் என்று கண்டார்கள். அது வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், கிரியாட்டினின் இறங்கினால் இனிப்பு வாங்கும் வழக்கம் போகவில்லை.

எடை ஏமாற்றிய விதம்

டயாலிசிஸ் முடிந்து உடம்பில் உபரி நீர் இல்லாமல் நிற்க வேண்டிய எடையை டிரை வெயிட் என்கிறோம். தொடங்கியபோது இவருக்கு 61 கிலோ என்று குறித்தார்கள். 14 மாதம் கழித்தும் 61 தான். எடை குறையவில்லையே, பிறகு எங்கே ஊட்டக்குறைவு என்று எவரும் கேட்பார்கள்.

அவர் சட்டையில் பதில் இருந்தது. அரைக்கைச் சட்டையின் கை தொளதொளவென்று தொங்கியது. கைக்கடிகாரத்தின் பட்டைக்கு 2 புதுத் துளை போட்டிருந்தார். நெற்றிப்பொட்டில் பள்ளம், கழுத்தெலும்பு துருத்தல். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்தச் சொன்னால் இடையில் மேடாக எழ வேண்டிய தசை தட்டையாகக் கிடந்தது. கையும் தோளும் இளைத்திருக்க, எடை மட்டும் அசையாமல் நின்றது. சுமார் 4 கிலோ தசையும் கொழுப்பும் போன இடத்தில் 4 லிட்டர் தண்ணீர் குடியேறியிருந்தது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தண்ணீர் அங்கே தங்கிப்போனதற்கும் காரணம் உண்டு. திங்கட்கிழமைகளில் 3.5 கிலோ கூடி வருவார். அதை 4 மணி நேரத்தில் இழுத்தால், 57 கிலோ உடம்புக்கு மணிக்கு ஒரு கிலோவுக்கு 15 மி.லி. ஆகிறது, 13-ஐத் தாண்டினால் தசைப்பிடிப்பும் அழுத்த வீழ்ச்சியும் கூடும். பிடித்தவுடன் 'டிரை வெயிட் இன்னும் குறைக்கக் கூடாது' என்று முடிவாகும். பிடிப்புக்கு உண்மைக் காரணம் வேகம். பழி டிரை வெயிட் மேல் விழுந்தது. இந்தத் தவறு நடக்காத டயாலிசிஸ் பிரிவு அரிது.

கையை அளந்த முறையையும் சொல்லிவிடுகிறோம். டேப் பிடிக்கும் இடம் அரை அங்குலம் நகர்ந்தால் அடுத்த மாத எண்ணோடு ஒப்பிட முடியாது. டயாலிசிஸ் முடிந்து அரை மணி நேரத்துக்குள், ஃபிஸ்டுலா இல்லாத கையில் அளக்க வேண்டும். முழங்கையை மடக்கி, தோள் நுனி எலும்புக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே பேனாவால் புள்ளி வைக்கவும். பிறகு கையைத் தொங்கவிட்டு, தோலை அழுத்தாமல் டேப்பைச் சுற்றவும். அதே உயரத்தில் பின்கைத் தோல்மடிப்பை இடுக்கியால் 3 முறை அளந்து சராசரி எடுக்கவும். இவருக்குச் சுற்றளவு 23.5 செ.மீ., தோல்மடிப்பு 8 மி.மீ. தசைச் சுற்றளவு என்பது 23.5-லிருந்து 3.14 × 0.8-ஐக் கழித்தது, அதாவது 21.0 செ.மீ. ஆண்களின் நடுநிலை அளவான 25.3-இல் இது 83 சதவீதம். 90-க்குக் கீழே போனாலே தசை இழப்பு. கைப்பிடி வலிமை 17 கிலோ. ஆசிய ஆண்களுக்கு 28-க்குக் கீழ் குறைவு என்று 2019-இல் வகுத்திருக்கிறார்கள்.

சிறுநீரக ஊட்டத்துக்கான சர்வதேசச் சங்கம் 2008-இல் தந்த அளவுகோலில் 4 பிரிவுகள்: ரத்த வேதியியல், உடல் எடை, தசை, உணவு. மூன்று பிரிவில் ஒவ்வொரு குறை இருந்தாலே புரத-ஆற்றல் இழப்பு என்று பெயர் வைக்கலாம். இவருக்கு நான்கிலும் குறை இருந்தது.

தட்டில் என்ன இருந்தது

மூன்று நாள் உணவை நேரம் வாரியாக, வீட்டுக் கரண்டியையும் டம்ளரையும் கொண்டுவரச் சொல்லி அளந்து எழுதினோம். ஒரு டயாலிசிஸ் நாள், ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிறு.

சாதாரண நாளில் காலை 3 இட்லி, தக்காளி சேர்க்காத வெங்காயச் சட்னி. மதியம் சோறு, பருப்பு போடாத ரசம், வேகவைத்து நீர் வடித்த சுரைக்காய் அல்லது புடலங்காய். மாலை டீ, 2 பிஸ்கட். இரவு 2 சப்பாத்தி. முட்டை, பருப்பு, தயிர் எதுவும் கிடையாது. ஞாயிறு மட்டும் 2 துண்டு மீன். டயாலிசிஸ் நாளில் விடியற்காலை 5.30-க்குக் கிளம்புவதால் காலைச் சாப்பாடு இல்லை. பிரிவில் 'பிரஷர் இறங்கும்' என்று ஒன்றும் தருவதில்லை. வீடு திரும்ப 1 மணி. களைப்பில் படுத்தால் மதியச் சோறும் பாதிதான்.

புரதம் டயாலிசிஸ் நாளில் 24 கிராம், சாதாரண நாளில் 31, ஞாயிறு 47. வாரத்தின் 2, 4, 1 நாட்களைப் பெருக்கிப் பார்த்தால் நாளுக்குச் சராசரி 31 கிராம். ஆற்றல் சுமார் 1,135 கலோரி. உண்மை எடை 57 கிலோவுக்குப் புரதம் கிலோவுக்கு 0.54 கிராம், ஆற்றல் 20 கலோரி. அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2020 வழிகாட்டி ஹீமோடயாலிசிஸுக்குச் சொல்வது கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம், 25 முதல் 35 கலோரி. இவர் சாப்பிட்ட புரதம் அதில் பாதி. அதிலும் ஒவ்வொரு டயாலிசிஸிலும் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலம் வடிகட்டி வழியாகப் போய்விடுகிறது.

வாய்ச்சொல்லை யூரியாக் கணக்கால் சரிபார்க்கலாம். வியாழன் டயாலிசிஸ் முடிந்து யூரியா 26. 92 மணி நேரம் கழித்துத் திங்கள் காலை 84. நைட்ரஜனாக மாற்ற 2.14-ஆல் வகுத்தால் 12, 39. உடம்பு நீர் வியாழன் 37 லிட்டர் (உபரி 4 உட்பட), திங்கள் 40.5. சேர்ந்த நைட்ரஜன் சுமார் 11.4 கிராம், நாளுக்கு 3. சிறுநீரில் போனதைக் கூட்டி 6.25-ஆல் பெருக்கி, யூரியா அல்லாத வழியில் போகும் 11 கிராமைச் சேர்த்தால் நாளுக்கு 32 கிராம் புரதம். அவர் சொன்னது பொய்யில்லை.

வீட்டார் ஏன் இப்படிச் சமைத்தார்கள்? சமையலறைச் சுவரில் லேமினேட் செய்த ஒரு உணவுத் தாள் தொங்கியது. நாளுக்கு 35 கிராம் புரதம். பருப்பு, முட்டை, இறைச்சி, பால் கூடாது. டயாலிசிஸுக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், சிறுநீரகத்தில் கொஞ்சம் வேலை மிச்சமிருந்தபோது, அதைக் காப்பாற்றக் கொடுத்த தாள் அது. அன்றைக்கு அது சரி. டயாலிசிஸ் தொடங்கியதும் புரத விதி தலைகீழாகிறது, தாளை மாற்ற வேண்டும். மாற்றச் சொன்னவர் யாருமில்லை. கட்டுப்பாடான குடும்பம், எழுதியதை அப்படியே கடைப்பிடித்தார்கள். மருத்துவர் பேச்சைக் கேட்காதவர் இவரைவிடத் தேவலையாக இருந்திருப்பார்.

பசி எங்கே போனது

தாள் ஒன்று மட்டும் காரணமில்லை. 'சாப்பிடுங்கள்' என்று சொன்னால் சாப்பிடும் நிலையிலும் அவர் இல்லை. வாயில் துருப்பிடித்த சுவை, இறைச்சி வாசனையே குமட்டியது.

முதல் காரணம் டயாலிசிஸ் போதாமை. ஒரு தடவைக்கு யூரியா 69 சதவீதம் குறைகிறது, அந்த அளவில் குறையில்லை. ஆனால் சிறுநீர் 300 மி.லி.க்கு வந்துவிட்ட பிறகு வாரம் 2 தடவை போதாது. யூரியா குறைவாகத் தெரிவதற்குக் காரணம் சாப்பிடாமை. சாப்பிடாமைக்குக் காரணம் யூரியா தவிரத் தேங்கும் மற்ற கழிவுகள்.

இரண்டாவது, ரத்தத்தில் அமிலம். பைகார்பனேட் 17-இல் நிற்கும் உடம்பு தன் தசையைத் தானே உடைக்கும். 22-க்கு மேல் ஏற்றாமல் புரதம் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல.

மூன்றாவதை வாயைத் திறந்து பார்க்கும்வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல் 2 ஆடின, ஈறில் சீழ். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 38. அழற்சி இருக்கும்வரை கல்லீரல் அல்புமின் செய்வதைக் குறைத்துக்கொள்ளும். தட்டில் எவ்வளவு வைத்தாலும் எண் ஏறாது. மென்றால் வலித்ததால்தான் மீனைக்கூடப் பிய்த்து விழுங்கியிருக்கிறார். அல்புமின் குறைந்தவுடன் புரதப் பொடி எழுதிக் கொடுப்பதற்கு முன் பல், பாதம், ஃபிஸ்டுலா அல்லது கதீட்டர் குழாய் இடம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

இவை போக மலச்சிக்கல். உணவின் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துவைக்கும் பைண்டர் மாத்திரை, நார் இல்லாத உணவு, குறைந்த நீர். டயாலிசிஸ் நோயாளிக்குப் பொட்டாசியத்தில் ஒரு பங்கு குடல் வழியாகவும் போக வேண்டும். அந்த வழி அடைபட்டால் ரத்தத்தில் ஏறும்.

பொட்டாசியம் 6.3-க்குப் பெரிய காரணம் கடையிலேயே இருந்தது. 'உப்பைக் குறைங்க' என்று சொன்னதும் குடும்பம் சோடியம் குறைந்த உப்புக்கு மாறியிருந்தது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடில் 520 மி.கி. பொட்டாசியம். பாக்கெட்டின் பின்பக்கம் சிறுநீரக நோயாளிகளுக்கான எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கும். சரக்கை அடுக்கும் இவரே அதைப் படித்ததில்லை. அதற்குமுன் சில மாதம் இந்துப்பு. இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், சாதா உப்பைவிட டயாலிசிஸ் நோயாளிக்கு அதில் ஒரு நன்மையும் இல்லை.

எதை முதலில் திருத்துவது

வரிசை முக்கியம். சாப்பாட்டை முதலில் கூட்டியிருந்தால் அமிலமும் பொட்டாசியமும் ஏறி, மறுபடி 'புரதம் ஒத்துக்கொள்ளவில்லை' என்று பழைய தாளுக்கே போயிருப்பார்கள்.

முதல் வாரமே டயாலிசிஸ் வாரம் 3 ஆனது: திங்கள், புதன், வெள்ளி. கடை வருமானமும் பேருந்துச் செலவும் இதற்கு எதிராக நின்றன. மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸ் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டாலும் ஒரு நாள் கடை மூடினால் அதை யார் தருவது என்று அவர் கேட்டது நியாயமே. மதிய ஷிஃப்டுக்கு மாற்றியதில் காலை வியாபாரம் தப்பியது. காலைச் சாப்பாடும் தப்பியது. இந்த ஒரு மாற்றம் எந்தப் புரதப் பொடியையும்விட அதிகம் உதவியது என்பது எங்கள் எண்ணம்.

3 முறையானதும் இடைவெளியில் கூடும் எடை 2.2 கிலோவாக இறங்கியது. அதோடு 0.3 முதல் 0.4 கிலோ கூடுதலாக இழுத்தாலும் மணிக்கு ஒரு கிலோவுக்கு 11 மி.லி.யைச் சற்றே தாண்டுகிறது. இப்படி 5 வாரத்தில் 61-லிருந்து 56.8-க்கு இறக்கினோம். நடுவில் 58.5-இல் பிடிப்பு வந்தபோது ஒரு வாரம் நிறுத்தி, டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தை 36-லிருந்து 35.5 டிகிரிக்குக் குறைத்துத் தொடர்ந்தோம். நீர் இறங்க இறங்க அழுத்த மாத்திரை 3-லிருந்து 1 ஆனது. மாத்திரைகளைக் குறைக்காமல் நீரை மட்டும் இழுத்தால் அழுத்தம் விழும். அதற்கும் டிரை வெயிட்டே பழியேற்கும்.

எடை 4 கிலோ குறைந்ததைப் பார்த்து வீட்டார் பயந்துபோனார்கள். சாப்பாட்டைக் கூட்டச் சொல்லிவிட்டு எடையை இறக்குகிறார்களே என்ற கேள்விக்கு, கையில் பேனாப் புள்ளி வைத்து அளந்த எண்தான் பதிலாகப் பயன்பட்டது. தராசு இறங்கும்போது கைச்சுற்றளவு இறங்கவில்லை.

பல் 2-ம் டயாலிசிஸ் இல்லாத நாளில், ரத்தம் உறையாமலிருக்க டயாலிசிஸில் கொடுக்கும் ஹெபாரினின் தாக்கம் தீர்ந்த பிறகு பிடுங்கப்பட்டன. டயாலிசிஸ் திரவத்தில் பைகார்பனேட்டைக் கூட்டினோம். சோடா மாத்திரையைத் தவிர்த்தோம். அதிலும் சோடியம் இருக்கிறது.

உப்பும் தண்ணீரும்

'நாளைக்கு 1 லிட்டருக்கு மேல் குடிக்காதீங்க' என்பதை மட்டும் சொல்லிவிட்டு உப்பை விட்டால் தோல்விதான். உப்பு தின்றவன் தண்ணீர் குடித்தே தீர்வான். உடம்பில் தங்கும் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் ஏறக்குறைய 8.2 கிராம் உப்பு துணை. இவர் 92 மணி நேரத்தில் 3.5 லிட்டர் கூடினார் என்றால், உள்ளே தங்கிய உப்பு சுமார் 29 கிராம், நாளுக்கு 7.5. இலக்கு 5 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். காலையில் அந்த ஒரு ஸ்பூன் சாதா உப்பைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, அவருக்கான சமையல் முழுதும் அதிலிருந்தே என்று ஏற்பாடு. சோறு வடிக்கும்போது உப்பு இல்லை. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு நிறுத்தம். நாளுக்கு நீர் 800 மி.லி.: சிறுநீர் 300, மேலே 500. ரசமும் மோரும் டீயும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

புதிய தட்டு

57 கிலோவுக்கு 1.2 வீதம் 68 கிராம் புரதம், சுமார் 1,750 கலோரி. ஒரே நாளில் ஏற்றவில்லை. மாதக்கணக்கில் 20 கலோரியில் கிடந்த உடம்புக்குத் திடீரென்று ஊட்டினால் பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்லுக்குள் பாய்ந்து ரத்தத்தில் சரியும். 10 நாளில் படிப்படியாக ஏற்றினோம், பைண்டர் மாத்திரையை நிறுத்தி வைத்தோம், டயாலிசிஸ் முடிந்தபின் பி-காம்ப்ளக்ஸ் கொடுத்தோம். அப்படியும் முதல் வாரக் கடைசியில் பாஸ்பரஸ் 2.6-க்கு இறங்கியது. டயாலிசிஸ் நோயாளிக்குப் பாஸ்பரஸ் குறையும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். பைண்டரைத் தொடர்ந்திருந்தால் இன்னும் இறங்கியிருக்கும்.

காலை 3 இட்லி, 2 முட்டை வெள்ளை: 13 கிராம். மதியம் 100 கிராம் அரிசிச் சோறு, 25 கிராம் பருப்பு, 80 கிராம் மீன் அல்லது கோழி, ஒரு காய்: 30. மாலை 100 மி.லி. பாலில் டீ, ஒரு கை பொரி: 5. இரவு 2 சப்பாத்தி, வெங்காயம் போட்ட 2 முட்டை வெள்ளை ஆம்லெட்: 15. படுக்கும்முன் அரைக் கிண்ணம் தயிர்: 2.5. மொத்தம் 65 சொச்சம். டயாலிசிஸ் நாளில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மேலும் 2 முட்டை வெள்ளை, 2 இட்லி. அழுத்தம் விழும் பழக்கம் உள்ளவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது. இவருக்குக் கொடுத்து 3 தடவை அழுத்தத்தைப் பார்த்த பிறகே வழக்கமாக்கினோம்.

முட்டை வெள்ளைக்கு ஏன் இத்தனை இடம்? ஒன்றில் 3.6 கிராம் புரதம், பாஸ்பரஸ் 5 மி.கி. அளவே. முழு முட்டையில் 6 கிராம் புரதத்தோடு பாஸ்பரஸ் 90-க்கு மேல். புரதப் பொடி டப்பா முதலில் வாங்கினார்கள். பாதியில் இனிப்பு திகட்டி நின்றது, விலையும் தாங்கவில்லை. 'மஞ்சளை என்ன பண்றது' என்பதுதான் முட்டையில் வந்த ஒரே சிக்கல். அது பேரப்பிள்ளைகளுக்குப் போனது.

பருப்பு சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்க்கலாம். 100 கிராம் துவரம்பருப்பில் ஆயிரம் மி.கி.க்கு மேல் பொட்டாசியம் உண்டு என்பது உண்மை. ஆனால் 25 கிராமை 2 மணி நேரம் ஊறவைத்து நீரை வடித்து, திறந்த பாத்திரத்தில் பத்து மடங்கு நீரில் பாதி வேகவைத்து மறுபடி வடித்தால் கணிசமாக இறங்கும். குக்கரில் வேகவைத்தால் நீர் உள்ளேயே இருப்பதால் பயனில்லை. பருப்பின் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டிருப்பதால் உறிஞ்சப்படுவதும் குறைவு. நிறப் பானங்களிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட்டோ ஏறத்தாழ முழுதும் உள்ளே போகும். இளநீர், வாழைத்தண்டுச் சாறு, நட்சத்திரப் பழம் மூன்றும் அறவே கூடாது. சிறுநீரகத்துக்கு நல்லது என்று முதல் இரண்டைக் கொண்டுவரும் உறவினர்களிடமும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். நட்சத்திரப் பழத்தில் இருக்கும் நச்சு வெளியேறாமல் மூளையைத் தாக்கும்.

சாப்பாடு கூடியதும் சர்க்கரை 260-க்குப் போனது. முன்பு டயாலிசிஸின் மூன்றாம் மணியில் 64 வரை விழுந்தவர். பழைய வழக்கப்படி சோற்றைக் குறைக்கத் தொடங்கினார் மனைவி. அதைத் தடுத்து இன்சுலினை மாற்றினோம்: மற்ற நாட்களில் சற்றுக் கூட்டி, டயாலிசிஸ் நாளில் முந்தைய ஊசியைப் பாதியாக்கி. சர்க்கரைக்காக உணவைக் குறைக்கும் காலம் இவருக்கு முடிந்துவிட்டது.

இரண்டாம் மாதம் பாஸ்பரஸ் 5.8-க்கு ஏறியது. அப்போது பைண்டரைத் திரும்பத் தொடங்கினோம், புரதம் அதிகமுள்ள மதியத்துக்கு 2, இரவுக்கு 1, முதல் உருண்டைச் சோற்றோடு. முன்பு மூன்று வேளையும் 'வெறும் வயிற்றில் மாத்திரை' என்று சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே விழுங்கிக்கொண்டிருந்தார். வயிற்றில் உணவு இல்லாதபோது அந்த மாத்திரைக்குப் பிடிக்க ஒன்றுமில்லை.

புரட்டாசி

நான்காம் மாதம் வரை எல்லா எண்ணும் ஏறுமுகம். பிறகு புரட்டாசி வந்தது. மீன், கோழி, முட்டை ஒரு மாதத்துக்கு வீட்டுக்குள் வரவில்லை, எங்களிடமும் யாரும் சொல்லவில்லை. டயாலிசிஸில் முட்டை வேண்டாம் என்று அவர் தள்ளியதை டெக்னீஷியன் பசியின்மை என்று எழுதினார். யூரியா 112-லிருந்து 90-க்கு வந்தபோதுதான் கேட்டோம்.

விரதத்தை விடச் சொல்லிப் பயனில்லை, தேவையும் இல்லை. 20 கிராம் மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, புதுநீரில் மறுபடி ஊறவைத்துப் பிழிந்தால் 10 கிராம் புரதம் கிடைக்கும். பிழிந்த நீரோடு பொட்டாசியத்தில் ஒரு பங்கும் போகும். உப்பில்லாப் பனீர் 50 கிராமில் 9 கிராம் புரதம், ஆனால் பாஸ்பரஸ் முட்டை வெள்ளையைவிட எவ்வளவோ அதிகம், ஆகவே அந்த வேளைக்குப் பைண்டர் ஒன்று கூடுதல். இவற்றோடு தயிரைச் சற்றுக் கூட்டி நாளுக்கு 58 கிராம் வரை கொண்டுவர முடிந்தது. கார்த்திகை மாலை, ஆடி வெள்ளி, ரம்ஜான் நோன்பு, தவக்காலம் எல்லாவற்றையும் அந்தந்தக் குடும்பத்திடம் முதல் நாளே கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்வது இதற்குப் பிறகு வழக்கமானது.

ஆறாம் மாதம்

டிரை வெயிட் 58.2 கிலோ, வீக்கம் இல்லை. ஒரு தலையணையில் தூங்குகிறார். அழுத்தம் 146/84. கைச்சுற்றளவு 24.3 செ.மீ., தோல்மடிப்பு 9 மி.மீ., தசைச் சுற்றளவு 21.5. கைப்பிடி 22 கிலோ. டயாலிசிஸுக்கு முந்தைய யூரியா 118, பொட்டாசியம் 5.1, பாஸ்பரஸ் 5.0, பைகார்பனேட் 22, சி.ஆர்.பி. 6. அல்புமின் 3.5. இந்த உயர்வில் ஒரு பங்கு உபரி நீர் வடிந்ததாலும் அழற்சி அடங்கியதாலும் வந்தது. முழுவதையும் முட்டைக்கு வரவு வைக்கக் கூடாது. வாரம் ஒரு டயாலிசிஸ் கூடியும் கிரியாட்டினின் 5.9-லிருந்து 7.1-க்கு ஏறியிருப்பதுதான் எங்களுக்குத் திருப்தி தந்த எண். வீட்டில் அதைப் பார்த்து மறுபடி ஒரு கலக்கம்; இந்த முறை மகனை அழைத்து உட்காரவைத்து விளக்கினோம்.

கைப்பிடி இன்னும் 28-ஐத் தொடவில்லை. உட்கார்ந்து எழும் பயிற்சியை டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பத்துப் பத்தாக மூன்று தடவை என்று தொடங்கியிருக்கிறார். பிடுங்கிய பல்லுக்குப் பதில் கட்டவில்லை, மெல்வது ஒரு பக்கமாகத்தான். சுவரிலிருந்த பழைய தாளைக் கழற்றியாயிற்று. அந்த ஆணியில் இப்போது புதிய தாள் தொங்குகிறது, மேல் ஓரத்தில் தேதியோடும் '3 மாதம் கழித்து மாற்றவும்' என்ற வரியோடும்.